அரசினர் கொள்வனவும் அயலார் உறவும்



குடிகளின் வரிப்பணத்தால் அக்குடிகள் செய்த பொருளையே அரசு வாங்குதல் வேண்டும் என்னும் கூற்று, கேட்ட அளவில் நியாயமாகவே தோன்றும். ஐக்கிய அமெரிக்கா 1933ஆம் ஆண்டிலேயே இதனைச் சட்டமாக்கிற்று. 2009இல் பொருளாதாரம் தளர்ந்தபோது, மீட்சி நிதியால் நடைபெறும் பொதுவேலைகளுக்கான இரும்பும் உருக்கும் செய்பொருள்களும் அமெரிக்காவிலேயே ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும் என மீண்டும் விதித்தது.

பன்னாட்டு உடன்படிக்கைகளுக்கு மாறாக இவ்விதி நடவாது என்றும் அச்சட்டம் கூறிற்று. அவ்வாறாயின் அயல்நாடாகிய கனடா ஏன் பாதிப்புற்றது? பாலமும் நீர்க்குழாயும் அமைப்போர் பெரும்பாலும் மாநிலங்களும் நகரசபைகளுமே. கனடாவோ தன் மாகாணங்களின் கொள்வனவை அவ்வுடன்படிக்கைகளில் சேர்க்காது விட்டிருந்தது. தன் கதவைத் திறவாதவன் அயலான் கதவைத் திறக்குமாறு கேட்பது எங்ஙனம்?

கனடிய நகரசபைகளின் கூட்டமைப்பு சினமுற்றது. தம் பொருளை விலக்கும் நாட்டின் பொருளைத் தாமும் விலக்கும் சபைகளுக்கு ஆதரவளிப்பதென 2009 யூனில் தீர்மானித்தது. ஆனால், இரு நாட்டுக் கைத்தொழில்களும் ஒன்றோடொன்று பின்னியவை. கனடிய ஆலையின் மூலப்பொருள் அமெரிக்காவிலிருந்தே வருதலும் உண்டு. ஆகவே, வேலியே பயிரை மேய்ந்தாற்போல, காக்க வந்த விதி உள்நாட்டார் தொழிலையே கெடுக்கவுங்கூடும்.

2010 பெப்ரவரியில் பிணக்குத் தணிந்தது. மாகாணங்கள் தம் கொள்வனவைத் திறந்தன; 37 அமெரிக்க மாநிலங்களின் கொள்வனவு கனடியருக்குத் திறந்தது. ஆயினும், மீட்சி நிதியின் பெரும்பகுதி அதற்குள் ஒதுக்கப்பட்டுவிட்டது. அயலாரோடு வரம்பு வகுக்கும் காலம் பிணக்கின் பின்னன்று, அதற்கு முன்னரே என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.