புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பொருத்தமான நூலும் தலையும்



பாடசாலை மைதானத்திலும் தென்னந்தோட்டத்திலும் தோளில் மாட்டிய பெற்றோல் இயந்திரத்தால் புல் வெட்டப்படுவதைக் கண்டிருப்பீர்கள். எஞ்சின் எவ்வளவு சிறந்ததாயினும் புல்லைத் தொடுவது அதன் தலையிலுள்ள நைலோன் நூலே. இதனைத் தங்கூசி என்றும் கூறுவர். “நூல் தடித்தால் வெட்டு நன்றாக இருக்கும்” என்பது பலரது எண்ணம். இது எப்போதும் உண்மையன்று. நூலின் தடிப்பைத் தீர்மானிப்பது புல்லின் தடிப்பு மட்டுமல்ல. எஞ்சினின் வலுவும் ஆகும்.

1. நூல் வெட்டுவது எவ்வாறு?

1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் ஜோர்ஜ் பலாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டு இம்முறையைச் சிந்தித்தார். தகரப்பேணி ஒன்றில் தூண்டில் நூலைப் பொருத்திச் சுழற்றியே முதலில் பரீட்சித்தார்.

தொங்கும் நூல் புல்லை வெட்டாது. வேகமாகச் சுழலும்போது அது வெளிநோக்கி இழுபட்டு விறைப்படைகிறது. அதன் முனையின் கதியைக் கணிப்போம்.

வெட்டும் வட்டத்தின் ஆரை 21 சென்ரிமீற்றர், தலை நிமிடத்துக்கு 6000 தடவை சுழல்கிறது எனக் கொள்க.
சுற்றளவு = 2 × 22/7 × 0.21 = 1.32 மீற்றர்
ஒரு செக்கனில் சுழற்சிகள் = 6000 ÷ 60 = 100
முனையின் கதி = 1.32 × 100 = செக்கனுக்கு 132 மீற்றர்

இது மணிக்கு ஏறத்தாழ 475 கிலோமீற்றர் ஆகும். எனவே புல்லை வெட்டுவது பிரதானமாக நூலின் கதியே. கதி குறைந்தால் புல் வெட்டுப்படாமல் கிழிந்து நூலில் சுற்றிக்கொள்ளும்.

2. நூலின் தடிப்பு

2.4 மில்லிமீற்றர் நூலுக்குப் பதிலாக 3.0 மில்லிமீற்றர் நூலைப் போட்டால் விட்டம் 1.25 மடங்காகிறது. குறுக்குவெட்டுப் பரப்பளவோ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 1.56 மடங்காகிறது. ஆகவே ஒரே நீளமுள்ள நூலின் திணிவும் அதே அளவு கூடும். வளித்தடையும் கூடும். சிறிய எஞ்சின் இதனைச் சுழற்றத் திணறும், கதி குறையும், கிளச் வழுக்கிச் சூடாகும். பொதுவான பொருத்தம் வருமாறு:

(அ) 25 சி.சி. வரையிலான எஞ்சின்: 2.0 – 2.4 மில்லிமீற்றர்
(ஆ) 25 – 35 சி.சி.: 2.4 – 2.7 மில்லிமீற்றர்
(இ) 40 சி.சி.யும் அதற்கு மேலும்: 2.7 – 3.3 மில்லிமீற்றர்

இயந்திரத்துடன் வரும் கைந்நூலில் உச்ச தடிப்பு குறிக்கப்பட்டிருந்தால் அதுவே இறுதியானது.

3. நூலின் வடிவம்

வட்டம்: விலை குறைவு. கல், சுவர் ஆகியவற்றில் பட்டாலும் விரைவில் தேயாது. அறுகு போன்ற சாதாரண புற்களுக்குப் போதுமானது.
சதுரம், நட்சத்திரம்: விளிம்புகள் கூர்மையானவை. தண்டு தடித்த களைகளை நன்கு வெட்டும். விளிம்பு தேய்ந்ததும் இந்த நன்மை குறையும்.
முறுக்கிய நூல்: சுழலும்போது இரைச்சல் குறைவு.

நைலோன் ஈரத்தை உறிஞ்சும் பல்பகுதியம். நெடுநாள் வைத்திருந்து உலர்ந்த நூல் எளிதில் முறியும். பயன்படுத்த முன்னர் ஒரு நாள் நீரில் ஊறவைத்தால் வளையுந் தன்மை மீளும்.

4. தலையின் வகைகள்

தட்டும் தலை: ஓடும்போது நிலத்தில் மெதுவாகத் தட்டினால் நூல் நீளும். பரந்த புற்றரைக்கு ஏற்றது.
கையால் நீட்டும் தலை: எஞ்சினை நிறுத்தி நூலை இழுத்துவிட வேண்டும். அமைப்பு எளிமையானது.
நிலையான தலை: வெட்டிய நூல் துண்டுகளைச் செருகுவது. நூல் அடிக்கடி முறியும் கல்லுத் தரைக்கு வசதியானது.

நூலைச் சுற்றும்போது உருளையிலுள்ள அம்புக்குறியின் திசையில், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடாதவாறு சுற்றுக. அளவுக்கு மிஞ்சிச் சுற்றினால் நூல் இறுகும். வெப்பத்தால் ஒட்டியும் விடும். இரு முனைகளும் சமநீளமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் இயந்திரம் அதிரும்.

தலை வாங்கும்போது தண்டின் புரியையும் கவனிக்க வேண்டும். நேர்த்தண்டு இயந்திரங்களில் இது பெரும்பாலும் இடப்புரியாகும். வழமைக்கு மாறான திசையில் திருப்பியே கழற்ற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

5. உலோகத்தைப் பயன்படுத்தலாமா?

நூலுக்குப் பதிலாக இரும்புக் கம்பியையோ சங்கிலியையோ ஒருபோதும் பொருத்தக் கூடாது. நைலோன் துண்டு இலேசானது; முறிந்து பறந்தாலும் விரைவில் கதி இழக்கும். உலோகத் துண்டின் திணிவு அதிகம். இயக்கசக்தி = ½ × திணிவு × கதியின் வர்க்கம் என்பதைக் கற்றுள்ளீர்கள். செக்கனுக்கு நூறு மீற்றருக்கு மேற்பட்ட கதியில் பறக்கும் இரும்புத் துண்டு துப்பாக்கிக் குண்டுபோல் உடலைத் துளைக்கும். உயிரிழப்பை ஏற்படுத்திய விபத்து ஒன்றையடுத்து, 2012 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் உலோகப் பாகங்களைக் கோத்துச் செய்யப்பட்ட இத்தகைய தலைகளை விற்பதைத் தடைசெய்யத் தீர்மானித்தது.

இலுக்கு, பற்றை ஆகியவற்றுக்கெனத் தயாரிக்கப்பட்ட உலோக அலகு வேறு. கைந்நூல் அனுமதித்தால் மட்டும், அதற்குரிய காப்புடன் பொருத்தலாம். வளைந்த தண்டுள்ள சிறிய இயந்திரங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது.

நைலோன் நூலும் கற்களை வீசும். ஆகவே கண்ணாடியும் சப்பாத்தும் அணிக. பிறரை 15 மீற்றருக்கு அப்பால் நிறுத்துக. இளம் மாமரத்தின் அடியில் நூல் பட விடாதீர்கள். பட்டை சுற்றிவர நீங்கினால் உரியம் அறுபட்டு, வேருக்கு உணவு செல்லாமல் மரம் பட்டுவிடும்.

மாதிரி வினாக்கள்

1. காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்தால் ஏற்படும் இரு தீமைகளைத் தருக.
விடை: (i) கற்கள் வேலை செய்பவர் மீது வீசப்படும். (ii) நூலை அளவாக வெட்டும் சிறு அலகு காப்பிலேயே உள்ளது. அது இல்லாதபோது நூல் நீண்டு எஞ்சினின் சுமை கூடும்.

2. 25 சி.சி. இயந்திரத்தால் உயர்ந்த கினிப் புல்லை வெட்ட வேண்டியுள்ளது. கடைக்காரர் 3.3 மில்லிமீற்றர் நூலைத் தருகிறார். நீர் செய்வது யாது?
விடை: அதனை ஏற்கமாட்டேன். 2.4 மில்லிமீற்றர் சதுர நூலை வாங்கி, புல்லை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தடவைகளில் வெட்டுவேன்.

குறிப்பு: இரண்டாம் வினாவுக்கு “ஏற்கமாட்டேன்” என்று மட்டும் எழுதுவது போதாது. தடித்த நூலால் திணிவும் வளித்தடையும் கூடி, கதி குறையும் என்னும் காரணத்தையும் எழுதுக.