அவரையினப் பயிர்களின் வேர்ச் சிறுகணுக்களும் அவற்றில் வாழும் பற்றீரியாவும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை மணற்றரைகளிற் கச்சானும் பயிற்றையும், படுவான்கரை வயல்களில் நெல் அறுவடையின் பின்னர் பயறும் கௌப்பியும் செய்கைபண்ணப்படுகின்றன. இவற்றுள் யாதேனுமொரு செடியைப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு தோண்டியெடுத்து, நீரில் மெதுவாகக் கழுவிப் பார்த்தால், வேரிலே சிறு மணிகள் போன்ற கணுக்கள் ஒட்டியிருத்தலைக் காணலாம். இவற்றை நோயென்றெண்ணி மருந்திடுதல் பணத்தை மண்ணிற் கொட்டுவதேயாகும்.

ஆயினும் நோயால் உண்டாகும் வீக்கமும் ஒன்றுண்டு. கத்தரி, தக்காளி, மிளகாய் முதலியவற்றை மணற்பாங்கான தோட்டங்களில் வருத்தும் வேர்முடிச்சுப் புழு, பயிற்றையையும் தாக்கும். சிறுகணு வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பதால் விரலாற் சற்று உருட்டியதும் கழன்றுவிடும். புழுவினால் உண்டாகும் முடிச்சோ வேரே பருத்துத் திரண்டதாகையாற் கழலாது. இவ்வேறுபாட்டைக் கமக்காரர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே சோதித்தறிதல் நன்று.

வளியில் 78 சதவீதம் நைதரசன் உண்டு. நெல்லோ கத்தரியோ அதனை நேரே உட்கொள்ள இயலாது. சிறுகணுவினுள் வாழும் இறைசோபியம் இனப் பற்றீரியா அதனைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றிக் கொடுத்து, கைமாறாகச் செடியிடமிருந்து வெல்லத்தைப் பெறுகின்றது. கணுவை நகத்தாற் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு நிறமாயின் வேலை நடைபெறுகின்றது. பச்சையோ கபிலமோ ஆயின் அது ஓய்ந்துவிட்டது. வெண்மையாயின் கணு இளையது அல்லது பயனற்றது.

இப்பற்றீரியாவை முதன்முதலாகத் தனியே பிரித்தெடுத்தவர் ஒல்லாந்து தேசத்து விஞ்ஞானி பைஜரிங்க் ஆவார். ஆண்டு 1888. அன்று தொட்டு முறை பெரிதும் மாறவில்லை. செழித்த செடியிலிருந்து இளஞ்சிவப்பான கணுவைத் தெரிந்து, வேரின் சிறுதுண்டோடு வெட்டியெடுப்பர். வெளிப்புறத்திலுள்ள வேற்றுக் கிருமிகள் அழியும்படி அதனை அல்ககோலிற் சில விநாடியும், பின்னர் வெளிற்றும் திரவத்திற் சில நிமிடமும் அமிழ்த்தி, கிருமியகற்றிய நீரிற் பலமுறை அலசுவர். பின் ஒரு துளி நீரில் அதனை நசுக்கி, வரும் பாற்சாற்றைக் கம்பியாற் தொட்டு, மதுவச்சாறும் மனித்தோலும் சேர்ந்த ஏகார்க் கூழின்மீது கீறிவிடுவர். கூழிற் கொங்கோச் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். வேற்றுக் கிருமிகள் பல அச்சாயத்தை நன்கு உறிஞ்சிச் சிவக்கும்; இறைசோபியமோ பெரும்பாலும் வெண்ணிறப் பசைத்துளியாகவே நிற்கும். 28 பாகை செல்சியசு வெப்பத்தில் விரைந்து வளரும் இனங்கள் 3 முதல் 5 நாளிலும், கச்சான், கௌப்பி, சோயா ஆகியவற்றிற் பெரும்பாலும் காணப்படும் மெதுவாய் வளரும் இனங்கள் ஒரு கிழமை அளவிலும் தோன்றும்.

இத்தோடு வேலை முடிவதில்லை. கிருமியகற்றிய மணலில் வளர்த்த இளஞ்செடிக்கு அதனை ஊட்டி, சில கிழமைகளின் பின் வேரிற் கணு உண்டாகின்றதா என்று பார்த்தாலன்றி, கிடைத்தது அதுவேயென்று கூறவியலாது. தேறியதைப் பெருக்கி, தும்புத்தூள் போன்ற ஊடகத்திற் கலந்து பொதிசெய்வர். நல்ல கலவையில் ஒரு கிராமிற் பத்துக் கோடி பற்றீரியாவேனும் உயிரோடிருத்தல் வேண்டும். கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்திற் பேராசிரியர் எஸ். ஏ. குலசூரியவும் அவரோடு பணிபுரிந்தோரும் சோயாவிற்கு இத்தகைய கலவையை ஆக்கிக் கமக்காரரின் நிலங்களிற் பயன்படுத்திக் காட்டினர்.

எல்லாப் பயிருக்கும் கலவை வேண்டுவதன்று. கச்சான், பயறு, கௌப்பி என்பவற்றுக்கேற்ற இனங்கள் நமது மண்ணிற் பொதுவாக உண்டு. முதலில் தோண்டிப் பார்த்து, இளஞ்சிவப்பான கணுக்கள் நிறைந்திருப்பின் காசு செலவிட வேண்டாம். சோயா புதிய பயிராதலால் அதற்குக் கலவை பெரும்பாலும் தேவைப்படும். பயற்றுக்குரிய கலவை சோயாவிற்கு உதவாது.

ஆறிய அரிசிக் கஞ்சியால் விதையை ஈரமாக்கி, கலவையைப் பிரட்டி, நிழலில் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். வெயில் பட்டாற் பற்றீரியா மடியும். பங்கசுநாசினி பூசிய விதையிலும் அவ்வாறே. காய்ந்து சுடும் மணலில் விதைப்பதும், விதைத்த வயலில் நீர் தேங்கவிடுவதும் ஆகா. யூரியாவை மிகுதியாக இட்டாற் செடி கணுக்களைக் குறைத்துக்கொள்ளும்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கிய பின்னரும், அவ்வாண்டுப் பெரும்போகம் யூரியாப் பற்றாக்குறையோடு கழிந்தது. அப்போது பயறு செய்த வயலில் நெல்லுக்கு யூரியாவே வேண்டாமென்று சிலர் எண்ணக்கூடும். அது மிகையாகும். சேர்ந்த நைதரசனிற் பெரும்பங்கு தானியத்தோடு வெளியேறிவிடும். எஞ்சியது கொடியிலும் வேரிலும் உண்டு. கச்சானை வேரோடு பிடுங்கிக் கொடியை எரிப்பவர்க்கு அதுவும் இல்லை. கொடியை மாட்டுக்கு இட்டால் எருவையேனும், இடாவிடிற் கொடியையே, அதே நிலத்தில் இட்டு உழுதுவிடுதல் வேண்டும்.