எங்கே தேங்குகிறது? தங்கவயல் காட்டும் உற்பத்திக் கணக்கு

ஒரு தொழிற்சாலையில் நாளுக்கு ஆயிரம் பொருள் செய்யும் எந்திரங்கள் ஐந்து இருக்கலாம். ஆறாவது எந்திரத்தால் அறுநூறுதான் முடியும் என்றால், வாசலைத் தாண்டிப் போவதும் அறுநூறுதான். உற்பத்தித் திறனைத் திட்டமிடுகிறவர் முதலில் தேடுவது இந்தத் தேக்கத்தைத்தான். அதைச் சரிசெய்தால் தேக்கம் வேறொரு கட்டத்துக்கு நகரும். கோலார் தங்கவயலில், ஊரிகம் முதல் மாரிகுப்பம் வரை, அது நூறாண்டுக்கு மேல் நகர்ந்துகொண்டே இருந்தது.

சுரங்கமும் ஓர் உற்பத்தி வரிசைதான். வெடிவைத்து உடைத்த கல்லை ஷாஃப்ட் எனும் செங்குத்துக் குழி வரை தள்ளிவந்து, மேலே இழுத்து, மில்லில் பொடியாக்கி, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரிக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லாம் நீராவியில் ஓடின. எரிபொருளோ தொலைவிலிருந்து வர வேண்டும். அந்த முடிச்சை அவிழ்த்தது காவிரி. 1902 ஜூனில் அந்த ஆற்றின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியில் மின்சாரம் வந்தது. பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான்.

சுரங்கங்களுக்குத் தர வேண்டியது 4,000 குதிரைத்திறன், அதாவது சுமார் 2,980 கிலோவாட். சிவசமுத்திரத்தில் நிறுவியவை 720 கிலோவாட் ஜெனரேட்டர்கள் ஆறு, மொத்தம் 4,320. தேவையைவிட இவ்வளவு அதிகம் எதற்கு? பழுதுபார்க்க ஒன்றை நிறுத்தினால் மிஞ்சுவது 3,600. நீண்ட கம்பியில் கொஞ்சம் இழப்பாகும். இரண்டு நின்றுவிட்டால் 2,880தான், தேவைக்குக் கீழே. எந்திரத்தின் தகட்டில் பொறித்த திறனை அப்படியே நம்பித் திட்டம் போடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை.

பிறகு தேக்கம் ஆற்றுக்கே போயிற்று. கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் ஜெனரேட்டர் எத்தனை இருந்தும் பயனில்லை. 1911இல் மைசூரின் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா காவிரியின் குறுக்கே கண்ணம்பாடி அணையைத் தொடங்கியபோது, தங்கவயலுக்குத் தடையில்லாத மின்சாரம் என்பது முதல் கட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1924 ஒப்பந்தம் வரை இழுத்த காவிரிச் சிக்கலின் ஒரு வேர் இந்த ஷாஃப்டுகளில் இருப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

மின்சாரம் கிடைத்தபின் ஆழம் குறுக்கே வந்தது. ஒரு நடைக்கு 4 டன், நொடிக்கு 10 மீட்டர் வேகம், ஏற்றி இறக்க ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டரிலிருந்து ஒரு நடைக்கு 160 நொடி. மணிக்கு 90 டன் ஏறும். 2,000 மீட்டரிலிருந்து 260 நொடி, 55 டன்தான். ஒரு எந்திரமும் பழுதாகவில்லை, ஆனாலும் திறன் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். ஆளும் மரமும் கருவியும் கல்லும் போய்வர ஷாஃப்டை விட்டால் வேறு வழியில்லை. கீழே இறங்கி நடந்து சேரும் நேரமும் ஷிப்டிலிருந்தே கழிந்தது.

இத்தனையும் சமாளித்தாலும் கல்லில் தங்கம் வேண்டுமே. தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் சுமார் 3 கிராம். ஒரு கிலோ தங்கத்துக்கு 25 டன் கல் போதும் என்றிருந்தது, 330 டன் ஆனது. 2001 பிப்ரவரி 28இல், சுரங்கங்களை நடத்திவந்த அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது.

இப்போது பேச்சு சைனைடு மலைகளைப் பற்றி. மில் கழித்துக் கொட்டிய சுமார் 3.3 கோடி டன் பொடியை மீண்டும் அலசும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. நாளுக்கு 10,000 டன் என்றால் ஒன்பது ஆண்டு வேலை. வெடிக்க வேண்டாம், ஆழத்திலிருந்து இழுக்க வேண்டாம், பெரும்பாலும் அரைத்தே கிடக்கிறது. ஆனால் அலசத் தண்ணீர் வேண்டும்; கோலாரோ வறண்ட மாவட்டம். ஈரம் காயாமல் தூசியை அடக்கவும் தண்ணீர்தான். எந்திரத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன், நாளுக்கு எத்தனை லிட்டர், எந்த ஏரியிலிருந்து, குடிநீர் போக எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கை ஊர் மக்கள் முன் வைக்க வேண்டும். காற்று வீசும் நாளில் அந்தப் பொடி விழுவது அவர்கள் வீட்டில்தான்.