மண்ணைக் கேட்டு வீடு கட்டியவர்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த மறுநொடியே பேச்சு வீட்டைப் பற்றித் திரும்பிவிடுகிறது. வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, அடுக்களையில் காற்று உண்டா, பூசைக்கு ஒரு மூலை கிடைத்ததா என்ற விசாரணைகள் முடிந்ததும், சொந்தமாக ஓரிடம் வாங்கிப் போடலாமா என்ற கேள்வியும் மெல்லத் தலைநீட்டும். வந்த ஊரில் வீடு கட்டுவதென்றால் செங்கல், சிமெண்டுக் கணக்கோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. இந்த மண்ணுக்கும் நமக்கும் என்ன உறவு என்ற வினாவுக்கும் நாம் விடை சொல்லியாக வேண்டியிருக்கிறது.

இவ்வினாவுக்கு மூன்று கண்டங்களில் விடை தேடிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஒருவரை இம்மாதம் நம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். வால்டர் பர்லி கிரிபின் என்பது அவர் பெயர். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவைத் திட்டமிட்டவர் என்று உலகம் அவரை அறியும். ஆயினும் அவருடைய கலை வளர்ந்தது குடும்பங்கள் வாழும் சாதாரண வீடுகளில்தான். அவர் கண் மூடியதோ நம் நாட்டு லக்னோ நகரத்தில்.

சிகாகோவின் சமவெளியில்

கிரிபின் 1876-ஆம் ஆண்டில், சிகாகோவை அடுத்த மேவுட் என்னும் ஊரில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். கட்டடம் படித்த அதே காலத்தில் தோட்டக்கலையும் கற்றவர் அவர். செடியையும் மரத்தையும் அறிந்தவன் வீடு கட்டினால் அது எப்படி அமையும் என்பதற்கு அவருடைய பிற்கால வேலைகள் அனைத்தும் சான்று.

1901-இல் அவர் பிராங்க் லாயிட் ரைட்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். அக்காலத்து அமெரிக்கச் செல்வர்கள் ஐரோப்பிய மாளிகைகளைப் பார்த்து அவற்றைப் போலவே கட்டிக்கொள்வதைப் பெருமையாகக் கருதினார்கள். ரைட்டும் அவரைச் சூழ்ந்த இளைஞர்களும் இந்த வழக்கத்தை மறுத்தனர். பரந்த புல்வெளி நாட்டில் எழும் வீடு, அந்நிலத்தைப் போலவே தாழ்ந்தும் அகன்றும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நீண்ட இறவாரம், வரிசையான சாளரங்கள், வீட்டின் நடுவே கணப்பு அடுப்பு, அறைக்கும் அறைக்கும் இடையே சுவர் குறைந்த திறந்த அமைப்பு ஆகியவை அம்முறையின் அடையாளங்கள்.

ரைட்டிடம் பணிபுரிந்த காலத்திலேயே, 1903-இல், எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் எமரி என்பவருக்குக் கிரிபின் ஒரு வீடு அமைத்துக் கொடுத்தார். வீடு என்றால் ஒரு தளம், அதன் மேல் மற்றொரு தளம் என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு அது புதுமையாக இருந்தது. சில படிகள் ஏறினால் ஓர் அறை, இன்னும் சில படிகள் ஏறினால் மற்றோர் அறை என்று, அரை அரைத் தளமாக அவர் அதைப் பகுத்திருந்தார்.

1905-இல் ஜப்பான் சென்ற ரைட், கிரிபினிடம் கடன் பெற்றிருந்தார். திரும்பி வந்த பின் பணத்துக்குப் பதிலாக ஜப்பானிய அச்சோவியங்களைக் கொடுத்துக் கணக்கை முடிக்க முனைந்தார். இதுவும் பிற கருத்து வேற்றுமைகளும் சேர, 1906-இல் கிரிபின் விலகித் தனியே தொழில் தொடங்கினார்.

அவர் கட்டிய வீடுகள் பல நடுத்தரக் குடும்பங்களுக்கு உரியவை. சிகாகோவின் பெவர்லி என்னும் பகுதியில் ஒரே வீதியில் அவருடைய வீடுகள் ஏழு நிற்கின்றன. இடமும் சிறிது, செலவும் சிறிது. ஆகவே நடுவில் கணப்பு அடுப்பை வைத்து, கூடத்தையும் உண்ணும் இடத்தையும் அதைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரே வெளியாக்கினார். உள்ளே நின்று பார்ப்பவருக்கு வீட்டின் அளவு தெரியாது, விசாலமே தெரியும். இன்று அவ்வீதி அவர் பெயராலேயே வழங்குகிறது. 1981-இல் சிகாகோ நகரம் அதனைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது.

குப்பைமேடு குடியிருப்பான கதை

1911-இல் கிரிபின் மணந்துகொண்ட மேரியன் மஹோனியைப் பற்றி ஈண்டுச் சொல்லாமல் மேலே செல்வது நீதியாகாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற பெண் கட்டடக் கலைஞர்களுள் மிக முற்பட்டவர் அவர். ரைட்டின் புகழைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்ற வரைபடங்களில் பெரும்பகுதி அந்த அம்மையாரின் கைவண்ணம். எனினும் நெடுங்காலம் அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. கணவருக்கு வாய்த்த வெற்றிகளிலும் அவர் பங்கு பாதிக்குக் குறைந்ததன்று.

இருவரும் இணைந்து செய்த வேலைகளுள், வீடு கட்ட நினைக்கும் எவரும் அறிய வேண்டியது ஐயோவா மாநிலத்து மேசன் சிட்டியில் உள்ளது. ஊர் நடுவே வில்லோ என்னும் ஓடை. அதன் ஒரு கரையில் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து, மறு கரையில் தாழ்ந்த புல்வெளி. கல் வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்டு, குப்பை கொட்டவே பயன்பட்டு வந்த பதினெட்டு ஏக்கர் நிலம் அது. வேறொருவராக இருந்தால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, சதுரம் சதுரமாக மனை பிரித்து விற்றிருப்பார்.

கிரிபின் 1912-இல் அளித்த திட்டம் அதற்கு நேர்மாறானது. வீடுகள் எல்லாம் நிலத்தின் ஓரங்களில். நடுவில் ஓடையும் புல்வெளியும் எவருக்கும் தனிச் சொத்தாகாமல் அனைவருக்கும் பொது. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கில் சிறிது விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழுப் பள்ளத்தாக்கும் கிடைத்தது. அங்கே பாறையின் விளிம்பில் மெல்சன் என்பவருக்குக் கட்டிய வீட்டைப் பார்ப்பவர்களுக்கு, பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதே கடினம். அந்தப் பாறையின் கல்லே வீடாக மேலெழுந்து நிற்கிறது. குப்பைமேடாகக் கிடந்த அந்நிலம் இன்று அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

கடல் கடந்து

அதே 1912-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியத் தலைநகருக்கான உலகப் போட்டியில் 137 திட்டங்களுக்குள் கிரிபின் திட்டம் முதற்பரிசு பெற்றது. மேரியன் தீட்டிய படங்களின் அழகும் அவ்வெற்றிக்கு ஒரு காரணம். தம்பதியர் ஆஸ்திரேலியாவில் குடியேறினர். ஆனால் பரிசு கொடுத்த அரசாங்கத்து அதிகாரிகளோடு ஆண்டுக் கணக்கில் போராட வேண்டியதாயிற்று. 1920-இன் இறுதியில் கிரிபின் அப்பதவியை விட்டு விலகினார். அவர் வரைந்த ஏரி நீர் நிரம்பியது 1964-இல்தான். இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நிற்க. அரசாங்க வேலை கைவிட்டதும் அவர் மீண்டும் வீடுகளுக்கே திரும்பினார். 1921-இல் சிட்னி நகரத்துக்கு வடக்கே, கடற்கழியை ஒட்டிய 650 ஏக்கர் காட்டு நிலத்தை அவர் தலைமையில் ஒரு நிறுவனம் வாங்கியது. அங்கே எழுந்த குடியிருப்புதான் காசில்கிராக். அக்காலத்து ஆஸ்திரேலியக் குடியேறிகள், தாம் விட்டு வந்த இங்கிலாந்தை நினைத்துக்கொண்டு, உள்ளூர் மரங்களை வெட்டித் தள்ளி ஆங்கிலப் பூச்செடிகளை நட்டு வந்தனர். அவர்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்த கிரிபின், அந்நாட்டு யூகலிப்டஸ் மரங்களையும் பாறைகளையும் அப்படியே விட்டு, அவற்றுக்கு இடையில் வீடுகளை ஒளித்து வைத்தார். வீதிகள் மலைச்சரிவின் வளைவைப் பின்பற்றிச் சென்றன. மனைகளுக்கு நடுவே வேலி கூடாது. பின்னால் இருப்பவரின் பார்வையை முன்னால் இருப்பவரின் கூரை மறைக்காதபடி தட்டையான மேற்றளம் வேண்டும். மனைகளுக்குப் பின்னே பொதுச் சோலையும் நடைபாதையும் விடப்பட்டன. சோலையின் சரிவு ஒன்றில் பாறைகளையே படியாக அமைத்து, மேரியன் அம்மையார் திறந்தவெளி அரங்கு ஒன்று கண்டு, அக்கம்பக்கத்துக் குடும்பங்களைக் கொண்டு நாடகங்கள் நடத்தினார்.

செலவைக் குறைக்கவும் அவர் வழி கண்டிருந்தார். 1917-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையொன்றில், சிமெண்டுக் கலவையைச் சிறு சிறு பலகைகளாக வார்த்து ஒன்றோடொன்று கோத்துச் சுவராக்கலாம். கட்டுமிடத்திலேயே வார்த்துக்கொள்ளலாம் ஆதலின், கைதேர்ந்த கொத்தர் பலர் தேவையில்லை.

இத்தனை இருந்தும் மனைகள் எளிதில் விலைபோகவில்லை. தட்டைக் கூரையும் வேலியற்ற முற்றமும் பலருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் வந்த உலகப் பொருளாதார மந்தம் வேலையை அடியோடு குறைத்தது. அவர் திட்டப்படி அங்கே எழுந்தவை பதினைந்து வீடுகள் அளவே. பிழைப்புக்காக நகராட்சிகளுக்குக் குப்பை எரிக்கும் உலைக் கட்டடங்களை வரைந்து கொடுத்தார். அவற்றையும் அழகாகவே வரைந்தார் என்பது அவர் இயல்பைக் காட்டும். சிட்னியில் வில்லோபி என்னும் இடத்து உலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

லக்னோவில் பதினைந்து மாதங்கள்

லக்னோ பல்கலைக்கழகத்துக்கு நூலகம் அமைக்கும் வேலைக்காக 1935-இன் பிற்பகுதியில் கிரிபின் நம் நாட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் வேலைகள் குவிந்தன. 'பயனியர்' பத்திரிகைக்கு அச்சகக் கட்டடம், ஜமீன்தார்களுக்கு நூலகமும் மாளிகையும், உத்தியோகஸ்தர்களுக்கு வீடுகள், 1936-37-இல் நடந்த ஐக்கிய மாகாணப் பொருட்காட்சிக்கு 160 ஏக்கர் பரப்பில் முழு அமைப்பு என்று, ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களை அவர் கை வரைந்தது. மேரியனும் 1936-இல் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் கட்டிய பாணியைத் திருப்பிக் கட்டவும் அவர் விரும்பவில்லை, பழைய நவாபு மாளிகைகளை நகலெடுக்கவும் விரும்பவில்லை. இந்நாட்டு வெயிலுக்கும் மரபுக்கும் உகந்த புதிய கட்டடம் எது என்பதே அவர் தேடல்.

அத்தேடல் முடியவில்லை. 1937 பிப்ரவரியில், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஐந்தே நாட்களில், வயிற்று உள்ளுறை அழற்சியால் லக்னோவில் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது. மேரியன் அம்மையார் எஞ்சிய வேலைகளை ஒழுங்கு செய்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பினார். பின்னர் சிகாகோ சென்று, இருவர் வாழ்வையும் பற்றி ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதினார். அந்நூல் அச்சேறக் காணாமலே 1961-இல் மறைந்தார். நூலகம் கிரிபின் வரைந்தபடி எழவில்லை. பயனியர் கட்டடமும் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. அவர் கல்லறைக்கே பெயர் பொறித்த கல் 1988-இல்தான் வந்தது.

நமக்கு என்ன?

புகழ்பெற்ற ஒருவரின் துயர வரலாறாக மட்டும் இதனைப் படித்து முடித்துவிட நமக்கு மனமில்லை. வந்தேறியவன் வந்த ஊருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

நம்மில் பலர் இரண்டு தலைமுறையாக வெளியூரில் இருந்தும், வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் பெயரை அறியோம். கதவுக்கு உள்ளே கோலமும் குத்துவிளக்கும் குறைவின்றி இருக்கும். கதவுக்கு வெளியே உள்ளதெல்லாம் பிறருடையது என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறியிருக்கிறது. ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பே அதற்குக் காரணம். திரும்புகிறவர்கள் சிலரே. பிள்ளைகளோ இந்த மண்ணையே சொந்த ஊரென்று எண்ணி வளர்கிறார்கள். நம் கதவுக்குள் இருப்பதைக் காப்பது பெரிய கடமைதான். கதவுக்கு வெளியே இருப்பதைத் தமதாக எண்ணும் பழக்கத்தையும் அப்பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தாக வேண்டும்.

கூட்டுறவுச் சங்கம் அமைத்து மனை வாங்கும் நம் குடும்பங்கள் பல. மனைப் படம் மேசை மேல் விரியும்போது, என் பங்கு எத்தனை சதுர அடி என்ற கேள்வியே முதலில் எழுகிறது. நடுவே பொது இடம் என்று விட்டதில் முதலில் ஒரு கொட்டகை வருகிறது, பின் வண்டிகள் வந்து நிற்கின்றன, சிறுவர்கள் தெருவுக்குத் தள்ளப்படுகிறார்கள். மேசன் சிட்டியில் ஓரத்துக்கு ஒதுங்கி நடுவைப் பொதுவாக்கியவர்கள் எவரும் ஏமாறவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்புல்வெளி பள்ளத்தாக்கின் நடுவே திறந்தே கிடக்கிறது.

அடுத்த முறை அப்படியொரு படம் விரியும்போது, அந்நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்கள் எவை, மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது, எந்த இடம் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்டு, அதன்பின் சதுர அடிக்கு வருவோமாக. லக்னோவில் வாழும் அன்பர்கள், நிஷாத்கஞ்ச் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அந்த மனிதர் யார் என்று சொல்லிக்கொடுப்பார்களாயின், அதுவும் நல்ல பாடமே ஆகும்.