திரைக்கதைக் கல்வியும் தாய்பாஷையும்

ஒரு தேசத்து ஜனங்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுத்துரைக்க வல்லவர்களாயிருத்தல் சுதந்திரத்தின் லக்ஷணங்களில் ஒன்றாகும். முன்னாளில் அந்தக் காரியத்தைப் பிரசங்க மேடையும், பத்திரிகையும், நாடகக் கொட்டகையும் செய்து வந்தன. இன்று அவற்றினும் அதிகமாகச் சினிமாவும் டெலிவிஷனும் செய்கின்றன. ஆகவே, இவ்விரண்டையும் கையாளப் போகும் வாலிபர்களுக்குக் கலாசாலையில் எவ்விதப் பயிற்சி அளிக்கப்படுகிறது என்பது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று. தேச நலனைப் பற்றிய விஷயமேயாகும்.

இத்துறையில் நமது தேசம் வாளாவிருந்துவிடவில்லை. சினிமாத் தொழிலை ஆராய 1949-ம் வருஷம் நியமிக்கப் பெற்ற எஸ். கே. பாட்டீல் கமிட்டியார் 1951-ல் தங்கள் அறிக்கையை அளித்து, பயிற்சி ஸ்தாபனம் ஒன்று வேண்டுமென்று சிபாரிசு செய்தனர். 1960-ல் மத்திய சர்க்கார் புனே நகரில், பிரபாத் கம்பெனியார் படம் பிடித்து வந்த பழைய ஸ்டூடியோவிலேயே அதனை நிறுவினர். டெல்லியிலிருந்த டெலிவிஷன் பயிற்சிப் பகுதியும் 1974-ல் அங்கே வந்து சேர்ந்தது. டைரக்ஷன், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, திரைக்கதை எழுதுதல் ஆகிய யாவும் அங்கே போதிக்கப்படுகின்றன. பொதுப் பணத்தில் நடைபெறும் இந்த ஸ்தாபனத்தைக் குறித்து நாம் பெருமை கொள்கிறோம். அந்தப் பெருமையினாலேயே அதன் குறையொன்றை எடுத்துக்காட்டவும் உரிமை கொள்கிறோம்.

அங்கே போதனா பாஷை ஆங்கிலம். ஒளிப்பதிவு கற்கும் மாணாக்கனுக்கு இதனால் பெருநஷ்டமில்லை. லென்ஸுக்குப் பாஷை கிடையாது. திரைக்கதை எழுதுவோன் நிலைமை அத்தகையதன்று. கோபித்துக் கொண்டு வீட்டை விட்டுச் சென்ற மகன் பல வருஷங்கள் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். தகப்பனார் “வா” என்று சொல்லலாம். “வாங்க” என்றும் சொல்லலாம். முன்னதில் மன்னிப்பு இருக்கிறது. பின்னதில் மகன் அந்நியனாகிவிட்டான் என்ற தீர்ப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே சொல். காட்சியின் உயிர் அங்கேயே போய்விடுகிறது!

நமது பெரிய நீதிமன்றங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சியொன்று உண்டு. தன் நிலத்தைப் பற்றித் தன் கண்முன்னே நடக்கும் வாதத்தில் ஒரு வார்த்தையும் விளங்காமல் கட்சிக்காரன் கைகட்டி நிற்பான். மனத்தில் தமிழில் தோன்றிய கதையை ஆங்கிலத்தில் எழுதிக் காட்ட வேண்டிய கிராமத்து மாணாக்கனும் அந்நிலையிலேயே நிற்கிறான். கதை அவனுடையது, வழக்காடும் பாஷை மற்றவருடையது.

புனே ஸ்தாபனத்தின் சரித்திரமே நமக்குச் சாக்ஷி கூறுகிறது. அங்கே திரைக்கதையும் டைரக்ஷனும் பயின்ற அடூர் கோபாலகிருஷ்ணன் 1972-ல் எடுத்த ‘சுயம்வரம்’ மலையாளத்தில் பேசிற்று. அங்கே பயின்ற கிரீஷ் காசரவள்ளியின் ‘கடசிராத்த’ 1977-ல் கன்னடத்தில் பேசிற்று. இவ்விரு படங்களும் அவ்வவ் வருஷத்தின் சிறந்த படமென்று தேசிய விருது பெற்றன. கல்வி எந்தப் பாஷையில் கிடைத்தபோதிலும், கலை தாய்பாஷையிலேயே பலித்தது.

டெலிவிஷன் சொல்லும் பாடமும் இதுவே. 1975-76-ல் செயற்கைக் கிரகத்தின் மூலமாக 6 ராஜ்யங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டபோது, ஹிந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என்னும் நான்கு பாஷைகளில் அவற்றைத் தயாரிக்க வேண்டியிருந்தது. யந்திரம் ஆகாயத்தில் இருந்தாலும், கேட்கும் காது கிராமத்திலன்றோ இருக்கிறது!

பல மாகாணத்து மாணாக்கர் கூடும் இடத்தில் இது சாத்தியமா என்று சிலர் வினவுவர். இந்திய ஆட்சிப் பணிக்குரிய முதன்மைப் பரீக்ஷையை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளில் எழுத இடமிருக்கிறது. ஜில்லாவை ஆளப் போகிறவனுக்குத் தாய்பாஷை போதுமானால், கதை எழுதப் போகிறவனுக்கு மாத்திரம் அது போதாதா? வகுப்பிலுள்ளோர் யாவரும் பொதுவாகப் பேச ஒரு பாஷை இருக்கட்டும். அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. காமிரா, லென்ஸ் என்னும் சொற்களை மாற்ற வேண்டுமென்றும் நாம் பிடிவாதம் செய்யவில்லை. நாம் கேட்பது மூன்றே: நுழைவுப் பரீக்ஷையில் கதை எழுதும் பகுதியை மாணாக்கன் தன் பாஷையில் எழுதலாம் என்று விதி செய்க, வகுப்பில் எழுதும் திரைக்கதையை அவன் பாஷையிலேயே ஏற்று, பொழிப்பை மாத்திரம் பொதுப் பாஷையில் பெறுக, அவற்றை மதிப்பிட அந்தந்தப் பாஷையில் தேர்ந்த எழுத்தாளரை அமர்த்துக.

சர்க்காரின் கடமை இவ்வளவாயின், நமது கடமையும் சிறிதன்று. திரைக்கதை இலக்கணத்தைத் தெளிந்த தமிழில் எழுதித் தருவது நமது எழுத்தாளர்களுக்கும், சினிமாத் துறையில் பழுத்த அனுபவமுள்ளவர்களுக்கும் உரிய பணி. பாஷையின் பெருமையை மேடையில் முழங்குதல் எளிது; பதினெட்டு வயது வாலிபன் கையில் தமிழில் ஒரு பாடப் புஸ்தகத்தைக் கொடுத்தல் அரிது. அரியதைச் செய்யத் தேசபக்தர்கள் முன்வருவார்களாக!