ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும்

பேருந்து நிலையத்தில் ஒருவர் சரிந்து விழுகிறார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். வலிப்பு என்று நினைத்து இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். மற்றொருவர் 108-ஐ அழைக்கிறார். யாருக்கும் மனமில்லாமல் இல்லை, பயிற்சிதான் இல்லை. இதயம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதாகத் தொடங்கிவிடும்; அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர்வது அரிது. டென்மார்க் 2005-ல் பள்ளிகளிலும், அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் சிபிஆர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகிலிருந்தவர்கள் சிபிஆர் செய்தது 2001-ல் நூற்றுக்கு 21 பேருக்கு. 2010-ல் 45 பேருக்கு. ஒரு மாதம் கடந்தும் பிழைத்திருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். சிகிச்சை வசதிகள் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதல் நிமிடங்களில் யாரும் கைவைக்காத உடலை எந்த நவீன சிகிச்சையாலும் மீட்பது கடினம்.

விலா எலும்பு முறிந்துவிடாதா என்று கேட்கிறார்கள். முறியலாம். முறிந்த எலும்பு கூடிவிடும், நின்ற இதயம் தானாக ஓடாது. வீடியோ பார்த்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். நெஞ்சின் நடுவே ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பயிற்சிப் பொம்மையில் அழுத்திப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். இதயம் நின்றவர் சில நேரம் விட்டுவிட்டு வாயைத் திறந்து திணறுவார். பயிற்சியில்லாதவர் அதை மூச்சு என்று நம்பிக் காத்திருந்துவிடுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தயக்கம் போலீஸ், கோர்ட். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவின்படி, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடுக்க முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. மருத்துவமனை அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆனால் திடீரென இதயம் நிற்பது பெரும்பாலும் சாலையில் அல்ல, வீட்டில். அப்போது பக்கத்தில் இருப்பது மனைவியோ, பள்ளியில் படிக்கும் பிள்ளையோதான். அதனால் பயிற்சிப் பொம்மை முதலில் போய்ச் சேர வேண்டிய இடங்கள் ஒன்பதாம் வகுப்பும் மகளிர் சுயஉதவிக் குழுவும்.