'கொலவெறி'யைப் பாடாத ஆள் உண்டா? கவர் சாங் யாருக்குச் சொந்தம்?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்வோம். காபி ஷாப் மூலையில் ஒரு தம்பி கிடாரை எடுத்து, காதல் தோல்விப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். செமயாகப் பாடுகிறார். நாலு பேர் போனில் ரெக்கார்டு செய்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவரும் யூடியூபில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு நோட்டிஃபிகேஷன்: வீடியோவில் காப்புரிமை உள்ள பாடல் இருக்கிறதாம்.

"நான்தானே பாடினேன்? கிடாரும் என்னுது, குரலும் என்னுது. அப்புறம் எப்படி?"

நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால், நாம் எல்லோரும் ஒரு முறையாவது பாடிப் பார்த்த ஒரு காதல் தோல்விப் பாட்டின் கதையைப் பார்க்க வேண்டும்.

லீக் ஆன பாட்டு

2011. ஐஸ்வர்யா தனுஷ் தன் முதல் படமான '3'ஐ இயக்கிக்கொண்டிருக்கிறார். இசை, 21 வயது அனிருத். அவருக்கும் அதுதான் முதல் படம். காதலில் அடிபட்ட ஹீரோ பாடுகிற மாதிரி, ஆனால் கொஞ்சம் லைட்டாக ஒரு பாட்டு வேண்டும் என்கிறார் இயக்குநர். மெட்டு சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது என்று பின்னால் பேட்டிகளில் சொன்னார்கள். வரிகளை எழுதிப் பாடியவர் தனுஷ்.

முழுசாக முடிவதற்கு முன்பே ஒரு ரஃப் வெர்ஷன் இணையத்தில் கசிந்தது. அதற்கு மேல் காத்திருக்க முடியாமல், ஸ்டுடியோவில் பாட்டு உருவாகும் வீடியோவோடு நவம்பர் 16, 2011 அன்று 'ஒய் திஸ் கொலவெறி டி'யை அதிகாரபூர்வமாக வெளியிட்டது சோனி மியூசிக். அடுத்த சில நாட்களில் அது தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. டிசம்பர் கடைசியில், இந்தியா வந்த ஜப்பான் பிரதமர் நோடாவுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்கு தனுஷுக்கும் அழைப்பு போனது. படம் தியேட்டருக்கு வந்தது 2012 மார்ச் 30-ல்தான்.

சோகம் எப்படி ஜாலி ஆச்சு?

தமிழ் சினிமாவில் காதல் தோல்வி என்றால் 1953-ன் 'தேவதாஸ்' ஞாபகம் வரும். தாடி, சால்வை, பாட்டில், தத்துவம். 'கொலவெறி'யும் அந்தப் பரம்பரைதான். அவள் போய்விட்டாள், அவன் புலம்புகிறான். ஆனால் இவன் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்கிறான். நாதஸ்வரமும் உறுமியும் பின்னால் குத்துப்பாட்டு மூடில் ஓடுகின்றன. மெட்டு உச்சஸ்தாயிக்கு எங்கும் போவதில்லை. பேச்சு மாதிரி ஆரம்பிக்கிறது. வார்த்தைகள் எல்லோருக்கும் தெரிந்த உடைந்த ஆங்கிலம். அதாவது, சங்கீதம் தெரியாதவரும் பாடலாம், தமிழ் தெரியாதவரும் பாடலாம்.

பாடவும் செய்தார்கள். பெண்கள் பதில் சொல்கிற வெர்ஷன், அரசியல் கேலி வெர்ஷன், வேற்று மொழி வெர்ஷன் என்று வரிசையாக வந்தன. பாடகர் சோனு நிகமின் நாலு வயது மகன் நிவான் பாடிய வெர்ஷனில், காதலிக்குப் பதிலாக பால் வந்தது. அதுவும் ஹிட்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். அப்பா சோனு நிகம் வளர்ந்ததும் கவர் பாடித்தான். முகமது ரஃபியின் பழைய பாடல்களை அவர் பாடிய 'ரஃபி கி யாதேன்' கேசட்டுகளை டி-சீரிஸ் வெளியிட்டது. சினிமாவில் பெரிய பெயர் வருவதற்கு முன் அவரை வீடுகளுக்குள் கொண்டுபோனவை அவைதான்.

கேசட் காலத்துச் சட்டம்

டி-சீரிஸ் மாதிரி கம்பெனிகள் பழைய பாட்டைப் புதுக் குரலில் பதிவு செய்து மலிவு விலையில் விற்றதற்கு அன்றைய காப்புரிமைச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. பாட்டு வந்து 2 ஆண்டுகள் கழிந்த பிறகு, உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, ராயல்டி கட்டிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யலாம்.

2012-ல் சட்டம் திருத்தப்பட்டபோது இந்த வழி குறுகியது. இப்போது அது பிரிவு 31சி. அதன்படி:

- முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து, 5 காலண்டர் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.
- முன்கூட்டியே நோட்டீஸும் ராயல்டியும் கொடுக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி.
- வரியையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.
- இது கவர் வெர்ஷன் என்று அட்டையிலேயே சொல்ல வேண்டும்.

'கொலவெறி'க்கு இந்தக் கணக்கைப் போட்டால், இந்த வழியில் முதல் கவர் 2017 ஜனவரியில்தான் வந்திருக்க முடியும். நாம் ரசித்த பால் வெர்ஷனும் கேலி வெர்ஷன்களும் இந்தப் பிரிவுக்குள் வரவே வராது. வரியை மாற்றினால் அது கவர் இல்லை, தழுவல். அதற்கு உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும்.

ஒரு பாட்டு, மூன்று உரிமை

காபி ஷாப் தம்பியின் கேள்விக்கு இப்போது வருவோம். ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. நீங்களே பாடி, நீங்களே வாசித்தால் மூன்றாவதைத் தொடவில்லை. முதல் இரண்டும் அப்படியே இன்னொருவருடையவை. அதனால்தான் நோட்டிஃபிகேஷன் வந்தது. ஒரிஜினல் பாட்டிலிருந்து குரலை நீக்கிய டிராக்கில் பாடினால் மூன்றும் மாட்டும்.

பழைய பாட்டு என்றால் ஃப்ரீயா? வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு.

பாட்டைப் புகழாக்கிய குரலுக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. எஸ்.பி.பி. அதை ஃபேஸ்புக்கில் சொன்னபோது ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். 2019-ல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை எழுதி, 1974-ல் வெளியிட்டவர் டாலி பார்ட்டன். எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். ஆனால் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்று அவர் தரப்பு கேட்டதால் டாலி மறுத்துவிட்டார். 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே கேட்டபோது, எழுதியவருக்கான ராயல்டி டாலிக்கு வந்து சேர்ந்தது. கவர் வந்ததால் அவர் எதையும் இழக்கவில்லை, லாபம்தான்.

சேலத்தில் பாடினால்?

கல்யாணக் கச்சேரி: கவலை வேண்டாம். திருமண ஊர்வலம், அதைச் சார்ந்த விழாக்களில் பாடல்கள் இசைப்பதற்குச் சட்டத்தின் 52-வது பிரிவில் விலக்கு உண்டு. அதை ரெக்கார்டு செய்து நெட்டில் ஏற்றுவது வேறு விஷயம்.

காபி ஷாப், ஹோட்டல்: வியாபார இடம் என்பதால் லைசென்ஸ் வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் ஐபிஆர்எஸ் இதைத் தருகிறது. இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது முதலில் கடைக்காரர்.

யூடியூப்: இங்கே 'கன்டென்ட் ஐடி' என்ற மெஷின் பாட்டை அடையாளம் காண்கிறது. உரிமையாளர் வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது சும்மா கவனிக்கலாம். பெரும்பாலும் வருவது இந்த 'கிளெய்ம்'தான். பதற வேண்டியதில்லை. 'ஸ்ட்ரைக்' வந்தால்தான் ஜாக்கிரதை. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும்.

ஆக, பாட்டின் வரியை மாற்றாதீர்கள், ஒரிஜினல் டிராக்கைப் போடாதீர்கள், எழுதியவர், இசையமைத்தவர் பெயரைப் போடுங்கள். பெயர் போட்டால் மட்டும் அனுமதி கிடைத்ததாக ஆகாது. ஆனால் அது மரியாதை. காசு சம்பாதிக்க நினைத்தால் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு ட்விஸ்ட்

'கொலவெறி' உச்சத்தில் இருந்தபோது அதைக் கடுமையாக விமர்சித்தவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். சில மாதங்கள் கழித்து, 2012-ன் சட்டத் திருத்தத்துக்காக மாநிலங்களவையில் உருக்கமாகப் பேசியவரும் அவரே. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டியில் தங்கள் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பது அந்தத் திருத்தத்தின் முக்கிய அம்சம்.

தனக்குப் பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு என்று அந்தச் சட்டம் பிரிக்கவில்லை. இருபது நிமிடத்தில் எழுதியதோ இரண்டு வருடம் எழுதியதோ, பாட்டு எழுதியவருடையது. நாளை அந்த காபி ஷாப் தம்பி சொந்தமாக ஒரு சோகப் பாட்டு எழுதி, அதை ஊரே கவர் பாடினால், அவருக்கும் அதே சட்டம்தான் துணை.